டாக்டர் கோமதி, உடனே வரவும்

கொரோனா ஓய்ந்து, ஜனங்கள் முகக்கவசத்தைக் கழற்றிப் போட்டிருந்த சமயத்தில் நடந்தது இது. திருவொற்றியூரிலிருந்து எண்ணூர் போகிற நெடுஞ்சாலையைப் பார்த்தபடி இருந்த ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நான் ஆயா வேலை பார்த்தேன். வாசலில் நின்றால் ரோடு முழுக்கக் கண்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்கும். அதைத் தாண்டினால் கடல். பெரிய ஆஸ்பத்திரி என்று சொல்ல முடியாது. கீழே அவசரப் பிரிவு, மேலே வார்டு, அதற்கு மேலே மொட்டை மாடி, அவ்வளவுதான்.

எனக்கு எழுதப் படிக்க அதிகம் வராது. எழுத்துக் கூட்டிப் படிப்பேன். பஸ் போர்டு, மருந்து டப்பா, சுவரொட்டி இதெல்லாம் படித்துவிடுவேன். ஆனால் என் வேலையில் யாரும் குறை சொன்னதில்லை. அந்த ஆஸ்பத்திரியில் பெரிய டாக்டரிலிருந்து வாட்ச்மேன் வரைக்கும் ஒருத்தரும் என்னை வா, போ என்று ஒருமையில் கூப்பிட்டதில்லை. கூப்பிட நான் விட்டதும் இல்லை.

இது நடப்பதற்குக் கொஞ்ச நாள் முன்னால் எங்கள் ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸ் பெண்ணுக்குக் கன்னத்தில் அறை விழுந்தது. அடித்தவர் ஒரு குழந்தையின் அப்பா. ஊசி போடும்போது குழந்தை வீறிட்டுக் கத்தியது, அவருக்குக் கை நீண்டுவிட்டது. மறுநாள் வந்து மன்னிப்புக் கேட்டார். ஆனால் அதற்குள் அந்தப் பெண் பெட்டியைக் கட்டிக்கொண்டு சொந்த ஊருக்குப் போய்விட்டாள். திரும்பி வரவே இல்லை. நல்ல கை அவளுக்கு. நரம்பைத் தேடித் தேடிக் குத்த மாட்டாள்.

அதற்கப்புறம்தான் நிர்வாகம் ஒரு பயிற்சி ஏற்பாடு செய்தது. ஆஸ்பத்திரியில் சண்டை வராமல் எப்படிப் பார்த்துக்கொள்வது, வந்தால் எப்படிச் சமாளிப்பது என்று எல்லோருக்கும் சொல்லிக் கொடுப்பார்களாம். எனக்குப் போக இஷ்டமில்லை. கத்துகிற ஜனங்களைப் பார்த்தே தலை நரைத்தவள் நான். ஆனாலும் எல்லோரும் வரவேண்டும் என்று சொன்னதால் போனேன்.

கேன்டீனில் மேஜைகளைச் சுவரோரம் தள்ளிவிட்டு எங்களை உட்காரவைத்தார்கள். சொல்லிக் கொடுக்க வந்த அம்மா, நர்ஸ் வேலை பார்த்துவிட்டு இந்த வேலைக்கு வந்தவர். அவர் நெற்றியில் ஒரு பழைய தையல் தழும்பு இருந்தது. அதைப் பற்றி அவரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

கோபமாக இருக்கிறவர் முன்னால் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நேருக்கு நேர் நிற்காதீர்கள், கொஞ்சம் பக்கவாட்டில் நில்லுங்கள் என்றார். கை நீட்டினால் எட்டாத தூரம் வேண்டும். நமக்கு வெளியே போக வழி இருக்கவேண்டும், அவருக்கும் வழி இருக்கவேண்டும். ஸ்டெதஸ்கோப்பை மாலை மாதிரி கழுத்தில் போட்டுக்கொண்டு பேசக்கூடாது. ஒருத்தர்தான் பேசவேண்டும், நாலு பேர் சேர்ந்து பதில் சொல்லக்கூடாது. முக்கியமாக, 'அமைதியா இருங்க' என்கிற வார்த்தையை வாயிலேயே எடுக்கக்கூடாது. அமைதியாக இருக்க முடிந்தால் அவர் ஏன் கத்தப்போகிறார் என்று கேட்டார். அது எனக்குச் சரியாகப் பட்டது.

அப்புறம் நடித்துக் காட்டச் சொன்னார். என்னைப் பார்த்து, "நீங்க கோவமா வர்ற சொந்தக்காரங்களா நடிங்கம்மா" என்றார்.

"நான் இன்னாத்துக்குக் கத்தணும்? கத்துறவங்களுக்குத் தண்ணி குடுத்துத்தான் எனக்குப் பயக்கம்" என்று சொல்லிவிட்டேன்.

கேன்டீன்காரர் எழுந்து நடித்தார். நடிக்கச் சொன்னது நோயாளியின் அண்ணனாக. அவரோ, சாம்பாரில் உப்பில்லை என்று தன்னிடம் நாங்கள் போடுகிற சண்டையை எல்லாம் எங்களுக்கே திருப்பிப் போட்டார். அன்றைக்குச் சிரித்த மாதிரி அந்த ஆஸ்பத்திரியில் நாங்கள் சிரித்ததே இல்லை.

கடைசியில் ஒரு ரகசிய வார்த்தை வேண்டும் என்றார் அந்த அம்மா. யாருக்காவது ஆபத்து என்று தோன்றினால் ரிசப்ஷன் பெண் மைக்கில் அந்த வார்த்தையைச் சொல்லவேண்டும். கையில் அவசர வேலை இல்லாத எல்லோரும் அங்கே போகவேண்டும். ஓடக்கூடாது, நடந்து போகவேண்டும். யாரையும் தொடக்கூடாது, சுற்றி வளைக்கக்கூடாது. கை வெளியே தெரிகிற மாதிரி சும்மா நின்றால் போதும். ஆள் இருக்கிறது என்று தெரிந்தாலே முக்கால்வாசி சண்டை அடங்கிவிடும் என்றார்.

"'டாக்டர் சாந்தி, உடனே வரவும்'னு வெச்சுக்கலாமா?" என்று அவரே கேட்டார்.

நான் பேசாமல் இருந்திருக்கலாம். வாய் சும்மா இருக்கவில்லை. "ஏம்மா, ஆஸ்பத்திரில நின்னுகினு சாந்தி சாந்தின்னு கூவுவாங்களா? எங்க தெருவுல செவுத்துக்குச் செவுரு ஒட்டி வெச்சிகீறான், ஆத்மா சாந்தி அடையன்னு. கேக்குற சனம் இன்னா நெனைக்கும்?"

அந்த அம்மாவே சிரித்துவிட்டார். எங்கள் ஆஸ்பத்திரியில் யாருக்கும் இல்லாத பெயராகத் தேடி, ரத்தம் எடுக்கிற தம்பி 'கோமதி' என்றான். அப்படித்தான் டாக்டர் கோமதி எங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்தார். நான் சொல்லுகிற இந்த விஷயத்தில் பெயரோடு வருகிற ஆள் அவர் ஒருத்தர்தான். அவரும் இல்லாத ஆள்.

அதற்கப்புறம் ரொம்ப நாள் போகவில்லை. ஒரு மதிய நேரம். சாப்பாட்டு வேளை என்பதால் கூட்டம் இல்லை. குட்டி யானை என்று நாங்கள் சொல்கிற சின்ன லாரி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டே வாசல் வரைக்கும் பின்னால் வந்து நின்றது. பின்பக்கம் வலைக் குவியல் மேல் ஒரு ஆளைப் படுக்கவைத்திருந்தார்கள். முகத்துவாரத்துக் குப்பத்திலிருந்து கொண்டு வந்திருந்தார்கள். படகு கரையேறி, மீனைப் பிரித்துக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாராம். சட்டை நனைந்து ஒட்டிக்கொண்டிருந்தது. கடல் தண்ணீரா, வியர்வையா தெரியவில்லை.

கூடவே அவருடைய மனைவி, தம்பி, குப்பத்து ஜனங்கள் பாதி வந்துவிட்டார்கள். மனைவியை எனக்குத் தெரியும். மார்க்கெட்டில் மீன் விற்கிறவள். நல்ல மீன் இல்லாத நாளில் 'இன்னிக்கு வாணாம் யக்கா, போய்ட்டு வா' என்று சொல்லி அனுப்பிவிடுவாள். அதனால் எனக்கு அவள் மேல் மதிப்பு உண்டு. அன்றைக்கு அவள் அவசரப் பிரிவின் கதவோரம் தரையில் உட்கார்ந்து, முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள்.

அன்றைக்கு டூட்டியில் இருந்த டாக்டர் சின்னப் பெண். தூத்துக்குடிப் பக்கம். படித்து முடித்து வந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. பேச்சில் அந்த ஊர் ராகம் அப்படியே இருக்கும். அவள் ஈசிஜி எடுத்துப் பார்த்தாள், மாத்திரையைக் கடிக்கச் சொன்னாள், ஊசி போட்டாள், ஒரு பக்கம் போனில் பேசிக்கொண்டே இன்னொரு பக்கம் சிஸ்டருக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். எல்லாம் வேகமாகத்தான் நடந்தது. ஆனால் கதவுக்கு வெளியே நிற்கிறவனுக்கு அது எப்படித் தெரியும்? அவனுக்குத் தெரிந்தது மூடிய கதவுதான்.

கதவைத் திறந்துகொண்டு அவள் வெளியே வந்தாள். நோயாளியின் தம்பி எதிரே வந்து நின்றான். நல்ல உயரம், வலை இழுத்து இழுத்து உரம் ஏறிய தோள்.

"இன்னாம்மா, ஆளு உள்ள போயி எம்மா நேரம் ஆவுது? ஒருத்தரும் வாயத் தொறக்க மாட்டேன்றீங்க?"

"அண்ணாச்சி, ஊசி போட்டிருக்கோம். இதயத்துக்குப் போற ரத்தக்குழாய்ல அடைப்பு இருக்கு. இங்க வச்சுப் பாக்க வசதி கிடையாது. உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகணும்..."

"யாரு அண்ணாச்சி? நான் இன்னா மளிகக் கடையா வெச்சிகினு கீறேன்?"

எங்கள் பக்கத்தில் அண்ணாச்சி என்றால் கடைக்காரர். அவள் ஊரில் அது மரியாதை வார்த்தை. பின்னால் நின்ற ஒரு பையனுக்கு அந்த நேரத்திலும் சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்புதான் கெடுத்தது. தம்பிக்கு முகம் சிவந்துவிட்டது.

"பெரிய ஆஸ்பத்திரிக்கு இட்டுனு போறதுக்கு நீ இன்னாத்துக்கு? சொம்மா உள்ள வெச்சிகினு இருந்துட்டு, இப்ப தள்ளி வுட்றியா?"

'பெரிய ஆஸ்பத்திரிக்கு எடுத்துனு போ' என்ற வார்த்தைக்கு எங்கள் ஜனங்களிடம் ஒரே அர்த்தம்தான். இங்கே கைவிட்டாச்சு. அங்கே போய் பாடியாகத்தான் வாங்கிக்கொள்ளப் போகிறாய். டாக்டர்கள் என்ன நினைத்துச் சொன்னாலும் காதில் விழுவது அதுதான்.

அவள் 'அமைதியா இருங்க' என்று சொல்லவில்லை. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஸ்டெதஸ்கோப்பை மெதுவாகக் கழுத்திலிருந்து எடுத்துக் கோட்டுப் பையில் போட்டாள். ஒரு அடி பின்னால் எடுத்து வைத்துப் பக்கவாட்டில் திரும்பி நின்றாள். கேன்டீனில் சொல்லிக் கொடுத்ததையெல்லாம் ஒன்று விடாமல் செய்தாள். ஆனால் அவன் அந்தப் பயிற்சிக்கு வந்தவன் இல்லையே. கைலியை மடித்துக் கட்டினான். சுவரோரம் சும்மா நின்ற சலைன் ஸ்டாண்டைக் கையில் எடுத்தான். இரும்புக் கம்பி அது. அடிப் பக்கம் கனமாக இருக்கும்.

"எங்க அண்ணனுக்கு எதுனா ஆச்சு, இங்க ஒரு கண்ணாடி இருக்காது. ஒரு ஆளு இருக்க மாட்டீங்கோ."

ரிசப்ஷன் பெண்ணின் குரல் மைக்கில் கேட்டது. "டாக்டர் கோமதி, டாக்டர் கோமதி, அவசரப் பிரிவுக்கு உடனே வரவும்."

மேலேயிருந்து நர்ஸுகள் இறங்கினார்கள். எக்ஸ்ரே எடுப்பவர் வந்தார். ரத்தம் எடுக்கிற தம்பி வந்தான். கேன்டீன்காரர் கரண்டியைக் கீழே வைக்க மறந்து, அதோடு வந்து நின்றார். வாட்ச்மேன் வந்தார். யாரும் ஓடவில்லை. சொல்லிக் கொடுத்த மாதிரியே சுவரோரமாகக் கைகளைத் தொங்கவிட்டுக்கொண்டு நின்றார்கள்.

அப்போதுதான் யாரும் நினைக்காத ஒன்று நடந்தது. கூட்டத்தில் ஒரு பெரியவர், "டேய், கேட்டியா? பெரிய டாக்டர கூப்புட்றாங்கடா. லேடி டாக்டரு" என்றார்.

"அத்தான் எல்லாரும் வந்து நிக்கிறாங்க. பெரிய டாக்டரு வர்றதுக்கு முன்னாடி இப்டித்தான் வந்து நிப்பாங்க" என்றான் இன்னொருத்தன்.

தம்பி எங்களை ஒரு சுற்றுப் பார்த்தான். சலைன் ஸ்டாண்டை எடுத்த இடத்திலேயே கொண்டு போய் வைத்தான். அது ஆடாமல் ஒரு கையால் பிடித்து நிறுத்தினான். மடித்துக் கட்டிய கைலியை அவிழ்த்துக் கணுக்கால் வரைக்கும் இறக்கிவிட்டான். முகத்தைத் துடைத்துக்கொண்டான். எங்கள் பக்கத்தில் ஒரு ஆண்பிள்ளை கைலியை இறக்கிவிட்டால் மரியாதை கொடுத்துவிட்டான் என்று அர்த்தம். யாருக்குக் கொடுத்தான்? பிறக்காத ஒரு டாக்டருக்கு.

எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு வந்தது. பயிற்சி நன்றாகத்தான் வேலை செய்கிறது என்று நினைத்தேன்.

கொஞ்ச நேரத்தில் ஆம்புலன்ஸ் வந்து வாசலில் நின்றது. நோயாளியை ஸ்ட்ரெச்சரில் ஏற்றி வெளியே தள்ளிக்கொண்டு வந்தார்கள். மூக்கில் ஆக்ஸிஜன். கண் திறந்துதான் இருந்தது. ஆனால் உதடு நிறம் மாறியிருந்தது. தம்பி குறுக்கே வந்து நின்றான். இந்தத் தடவை கோபம் இல்லை. கையைக் கட்டிக்கொண்டு, ரொம்பத் தன்மையாகப் பேசினான்.

"கொஞ்சம் இருங்க சார். கோமதி டாக்டரு வந்து ஒரு தபா பாத்துடட்டும். அப்பால ஏத்தலாம்."

"இல்லண்ணே, உடனே போகணும்" என்றாள் டாக்டர்.

"நீ சின்னப் பொண்ணும்மா. உனுக்கு ஒண்ணும் சொல்லல. அவங்க பாக்காம நான் வண்டில ஏத்த வுட மாட்டேன்."

கூட்டம் முழுக்க அதையே சொன்னது. யாரும் கத்தவில்லை. கத்தியபோது இருந்ததைவிட அது மோசமாக இருந்தது. கத்துகிறவனை அடக்க எங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். நம்பிக்கையோடு காத்திருக்கிறவனை என்ன செய்வது என்று யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. ஆம்புலன்ஸ் டிரைவர் இஞ்சினை அணைக்கவில்லை. டாக்டர் நோயாளியின் நாடியைப் பிடித்தபடியே நின்றாள். அவள் முகத்தைப் பார்த்தே எனக்குப் புரிந்துவிட்டது, அந்த ஆளுக்கு நேரம் இல்லை என்று.

எங்கள் தலைமை சிஸ்டர், கண்ணாடி போட்டு, நரைத்த தலையோடு பார்க்க டாக்டர் மாதிரியே இருப்பார். அவர் டாக்டரின் காதோரம், "நான் போயி கோமதின்னு நின்னுடட்டுமா டாக்டர்? ரெண்டு வார்த்தை சொன்னா விட்டுடுவாங்க" என்றார். பக்கத்தில் நின்றதால் எனக்குக் கேட்டது. நல்ல யோசனை என்றுதான் நான் நினைத்தேன். டாக்டர் வேண்டாம் என்று தலையை ஆட்டினாள்.

அதற்குள் தம்பியின் பார்வை என் மேல் விழுந்தது. "யக்கா, நீ நம்ம ஏரியா. நீ சொல்லு. கோமதி டாக்டரு கெளம்பிட்டாங்களா? எங்க வந்துகினு கீறாங்க?"

கதவோரம் உட்கார்ந்திருந்த அவன் அண்ணியும் நிமிர்ந்து என்னைத்தான் பார்த்தாள். கெட்ட மீனை நல்ல மீன் என்று ஒரு நாளும் என்னிடம் சொல்லாதவள். நான் வாயைத் திறந்தேன். என்ன சொல்லியிருப்பேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

"அக்காட்ட கேக்காதீங்க, நான் சொல்லுதேன்" என்றாள் டாக்டர். "கோமதின்னு ஒரு டாக்டர் இங்க கிடையாது."

"இன்னா சொன்னே?"

"அப்படி ஒரு ஆளே கிடையாது. எங்களுக்குப் பயம் வந்தா அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிடணும். நாங்களா வச்சுக்கிட்ட பேரு."

வாட்ச்மேன் ஒரு அடி முன்னால் வந்தார். தலைமை சிஸ்டர் கண்ணை மூடிக்கொண்டார். தம்பியின் கை மறுபடியும் கைலி நுனிக்குப் போனது.

"அப்ப எங்கள ஏமாத்திகினு இருந்தீங்களா?"

"ஏமாத்தல. நீங்க கம்பிய எடுத்தீங்க. எனக்குப் பயமா இருந்துச்சு. இப்பவும் பயமாத்தான் இருக்கு." அவள் குரல் உடைந்தது. ஆனால் பேச்சை நிறுத்தவில்லை. "உங்க அண்ணன் இன்னும் இங்கயே இருக்காங்களே, அது எனக்கு அதைவிடப் பயமா இருக்கு. அடிக்கணும்னா நாளைக்கு வந்து அடிங்க. நான் இங்கதான் இருப்பேன். இப்ப வழி விடுங்க."

எங்கள் பக்கத்தில் யாரும் பயமாக இருக்கிறது என்று வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். சொன்னால் அதோடு மானம் போனது. ஆண்பிள்ளை சொல்ல மாட்டான், பொம்பளையும் சொல்ல மாட்டாள். அந்தப் பெண் அத்தனை பேர் முன்னால் சொல்லிவிட்டு, நாடி பிடித்த கையை எடுக்காமல் நின்றாள். தம்பியின் கை கைலி நுனியிலேயே நின்றது. திட்டினால் திருப்பித் திட்டலாம், அதட்டினால் அடிக்கலாம். இதற்கு என்ன செய்வது?

"எங்களப் பாத்தா பயமா கீதா?" என்று கேட்டான். குரல் இறங்கிவிட்டது.

அப்போதுதான் அவன் அண்ணி எழுந்தாள். முந்தானையை வாயிலிருந்து எடுத்து இடுப்பில் செருகினாள்.

"டேய், அந்தப் பொண்ணு உன்னப் பாத்துப் பயந்துகினு கீது. நீ உன் அண்ணன் பூடுவானோன்னு பயந்துகினு கீற. நான் கட்டுனவ, எனுக்கு மட்டும் தைரியமாவா கீது? எல்லாரும் இப்டியே பயந்துகினு நின்னா அந்த ஆள எவன்டா தூக்குறது? புட்ரா அந்தக் கம்பிய."

அவன் பிடித்தான். சலைன் ஸ்டாண்டை அல்ல, ஸ்ட்ரெச்சரின் கம்பியை. மற்றவர்களும் பிடித்தார்கள். நாங்கள் தள்ளியிருந்தால் அவ்வளவு அலுங்காமல் ஏற்றியிருக்க மாட்டோம். படகைக் கரையேற்றுகிற கைகள். தலைமை சிஸ்டர் கூடவே ஏறிக்கொண்டார். அண்ணி ஏறினாள்.

ரோடில் வழக்கம்போலக் கண்டெய்னர் லாரிகள் அடைத்துக்கொண்டு நின்றன. தம்பி கைலியை மறுபடி மடித்துக் கட்டிக்கொண்டு முன்னால் ஓடினான். "டேய் ஓரம் கட்ரா, வண்டிய எட்றா" என்று லாரிக் கதவுகளைத் தட்டிக்கொண்டே போனான். உள்ளே எங்களைப் பதறவைத்த அதே தொண்டைதான். அந்தக் குரலுக்கு லாரிகள் ஒவ்வொன்றாக நகர்ந்ததை வாசலில் நின்று பார்த்தோம்.

டாக்டர் உள்ளே போய் என் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். நான் தண்ணீர் கொண்டு போய்க் கொடுத்தேன். ஒரே மூச்சில் குடித்துவிட்டு டம்ளரைத் திருப்பிக் கொடுத்தாள்.

"சிஸ்டர கோமதின்னு நிக்க வெச்சிருந்தா இம்மா பேஜாரு இல்லியேம்மா?" என்று கேட்டேன்.

"வழியில அவருக்கு ஏதாவது ஆயிருந்தா? கோமதி பாத்துட்டுத்தான அனுப்பினாங்கன்னு நாளைக்கு வந்து கேப்பாங்க. நாம யாரைக் காட்டுறது?" என்றாள்.

அந்த ஆள் பிழைத்துவிட்டார். எங்களால்தான் என்று நான் சொல்ல மாட்டேன். போன இடத்தில் நன்றாகப் பார்த்தார்கள், ரோடில் லாரிகள் வழி விட்டன, அவருக்கும் ஆயுசு இருந்தது. இப்போது கடலுக்குப் போவதில்லை, கரையில் உட்கார்ந்து வலை பார்க்கிறார் என்று அவர் மனைவி சொன்னாள். தம்பி ஒரு நாள் ஆஸ்பத்திரிக்கு வந்தான். டாக்டருக்கு ஒரு பையில் இறால் கொண்டு வந்திருந்தான். அந்தப் பெண் சைவம். அதைச் சொன்னால் அவன் மனம் நோகுமே என்று, "ரொம்ப நன்றி அண்ணாச்சி" என்று வாங்கிக்கொண்டாள். "வுடும்மா, உனுக்கு நான் அண்ணாச்சியாவே இருந்துட்டுப் போறேன்" என்று சொல்லிவிட்டுப் போனான். இறால் எங்கள் வீட்டுக் குழம்பில் வெந்தது.

பயிற்சி கொடுத்த அம்மா மறுபடி வந்தார். நடந்ததையெல்லாம் கேட்டார். கோமதியை மாற்றவேண்டும் என்று எல்லோரும் சொன்னோம். யாராவது வருவார் என்று காத்திருக்க வைக்கிற பெயர் இனிமேல் வேண்டாம் என்று டாக்டர் சொன்னாள். கேன்டீன்காரர், "'தண்ணி லாரி வந்துடுச்சி'ன்னு வெச்சிக்கலாம். சொன்னவொடனே சண்டை போட வந்தவன் எல்லாம் கொடத்த எடுத்துனு வெளிய ஓடிடுவான்" என்றார். சிரித்து முடித்துவிட்டு வேறு ஒன்றை வைத்தோம். அது என்னவென்று நான் இங்கே சொல்ல மாட்டேன். சொன்னால் அப்புறம் அது எதற்கு?

அந்தப் பெண் செய்த மாதிரி பயத்தைச் சொல்லிவிடுவதையும் எல்லோருக்கும் சொல்லிக் கொடுக்கலாமா என்று யாரோ கேட்டார்கள். அதற்கு அந்த அம்மா, சில பேரிடம் பயம் என்று சொன்னால் இன்னும் ஏறி வருவார்கள், எல்லா இடத்திலும் அது செல்லாது, ஆளைப் பார்த்துத்தான் சொல்லவேண்டும் என்றார். அப்போது அவர் விரல் நெற்றித் தழும்பைத் தொட்டது. அவர் சொன்னதும் சரிதான்.

நான் வேலையை விட்டு வந்துவிட்டேன். போன வருடம் எனக்குக் கண்ணில் புரை எடுத்தார்கள். மேஜை மேல் படுக்கவைத்து முகத்தைத் துணியால் மூடியதும், யாரென்று தெரியாத ஒரு நர்ஸ், "பயமா இருக்காம்மா?" என்று கேட்டாள். கட்டியவரைப் பாடையில் தூக்கிக்கொண்டு போன அன்றைக்கும், சுனாமியில் கடல் ஊருக்குள் வந்த அன்றைக்கும்கூட நான் ஒருத்தரிடமும் சொல்லாத வார்த்தை அது. "ஆமாம்மா, பயமாத்தான் கீது" என்றேன். வேலை முடிகிற வரைக்கும் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டே இருந்தாள். எனக்கென்ன பயம் என்று வழக்கம்போலச் சொல்லியிருந்தால் அந்தக் கை எனக்குக் கிடைத்திருக்காது என்று இப்போதும் நினைத்துக்கொள்கிறேன்.